மேலாக ஊற்றிய பெட்ரோல்

வாசலில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் காருக்குள் ஏன் இன்ஜின் இல்லை என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். விற்றுவிட வேண்டியதுதானே என்கிறாள் பெரியவள். உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் திருப்ப விடு என்று அழுகிறான் சின்னவன். அந்தப் பேச்சு வந்தாலே உங்கள் அம்மா அடுப்படிக்குள் போய்விடுகிறாள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கார் உங்கள் மாமாவுடையது, அம்மாவின் தம்பியுடையது. அவன் என்னை மாமா என்பான், நீங்கள் அவனை மாமா என்பீர்கள். வீட்டில் யாராவது மாமா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். அவன் வளைகுடாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். அங்கே பணக்காரப் பிள்ளைகள் பந்தயம் ஓட்டுகிற கார்களுக்கு இன்ஜின் கட்டுகிற வேலை. கையைப் பார்த்தால் எப்போதும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும், ஆனால் முகத்தில் ஒரு துளி அழுக்கு இருக்காது.

அந்தத் தடவை விடுமுறையில் வந்தபோது அவனுடைய மகள் நடக்கப் பழகியிருந்தாள். போனில் தினமும் பார்த்துச் சிரித்த குழந்தை, நேரில் பார்த்ததும் அவள் அம்மாவின் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவன் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டான். குழந்தை போனைப் பார்த்துக் கையை ஆட்டியது. எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் அந்த அறையிலிருந்து ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் என்னிடம் சொன்னான். "இந்தத் தடவ போறதா இல்ல மாமா. இங்கயே எதனா பாத்துக்குறேன்."

சிதம்பரம் பைபாஸில் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். புதுச்சேரி, சென்னைப் பக்கமிருந்தெல்லாம் அவரிடம் வண்டி வரும். இன்ஜின் வேலைக்குத் தலைமை மெக்கானிக் ஒருவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ப் பார்த்தோம். டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு மட்டும் கறாராக இருந்தது.

"ஃபாரின்ல செஞ்சேன்னுதான் வர்றவன் எல்லாம் சொல்றான். எனக்கு ஒரு இன்ஜின் கட்டிக் காட்டு தம்பி. கம்ப்ரஷன் ஏத்தி கட்டணும். ஆனா வெல ஜாஸ்தி பெட்ரோல் எல்லாம் கூடாது. பங்க்ல ஊருக்கே போடுறானே, அதுல ஓடணும். கடலூர்லேர்ந்து இங்க வரைக்கும் நானே பக்கத்துல ஒக்காந்து வருவேன். ஒரு தட்டல் கேக்கக் கூடாது."

"கேக்காதுங்க" என்றான் உங்கள் மாமா.

கம்ப்ரஷன் என்றால் என்னவென்று நான் புரிந்துகொண்ட மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்து வரும். பிஸ்டன் மேலே ஏறி அதை நெருக்கும். ஒன்பது டம்ளர் காற்றை ஒரு டம்ளர் இடத்துக்குள் அமுக்குகிற மாதிரி. அப்புறம் பொறி தட்டும், தீப்பிடிக்கும், பிஸ்டன் கீழே இறங்கும், வண்டி ஓடும். ஒன்பதுக்குப் பதிலாகப் பதினொரு டம்ளரை அமுக்கினால் அதே பெட்ரோலில் கூடுதல் இழுவை கிடைக்கும். ஆனால் ரொம்பவும் நெருக்கினால் சூடு தாங்காமல், முறையாக எரிவதற்குள் பெட்ரோல் தானாக வெடித்துவிடும். அப்போது உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். அதைத்தான் தட்டல் என்பார்கள். தட்டல் நீடித்தால் பிஸ்டன் உடைந்துவிடும்.

உங்கள் மாமா பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினான். நான் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியில், கடலூர்த் துறைமுகத்துப் பக்கமாக, லாரிக்கு ஐஸ் ஏற்றுகிற உயரமான மேடை இருக்கிறது அல்லவா, அதன் ஓரத்தில் முதலாளி இடம் கொடுத்தார். அங்கே வைத்து இன்ஜினைப் பிரித்தான்.

இன்ஜினுக்கு மேல்மூடி மாதிரி இருப்பது ஹெட். அதன் அடியைக் கொஞ்சம் இழைத்தால் உள்ளிடம் குறையும், கம்ப்ரஷன் ஏறும். அதை இழைக்கிற பட்டறை சிதம்பரத்தில் இருந்தது. ஹெட்டைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் எடுத்துப்போனோம்.

"என்னய்யா மூட்டை, மீனா? எறங்கு கீழ" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லீங்க. இன்ஜின் ஹெட்டு."

"பஸ்ஸே எப்ப நிக்கும்னு தெரியல, இதுல நீ ஒரு இன்ஜின ஏத்திக்கிட்டு வர்ற. சரி, மடியில வச்சிக்க. நம்ம வண்டி நின்னா அத மாட்டிக்கிட்டுப் போவலாம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. உங்கள் மாமாவும் சிரித்தான். சிதம்பரம் வரைக்கும் அந்தப் பாரத்தை மடியிலேயே வைத்திருந்தான், குழந்தையை வைத்திருக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

பட்டறைக்காரர் அளவைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்ளோ எடுத்தா நம்மூரு பெட்ரோல் தட்டும் தம்பி. அப்பறம் என்னையச் சொல்லாத."

"தட்டாதுங்க. நீங்க எடுங்க."

அந்தத் தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று திரும்பி வரும்போது கேட்டேன். "இப்ப எல்லா பங்க்லயும் பெட்ரோல்ல ஸ்பிரிட் கலந்துதான மாமா தர்றாங்க. கரும்புலேர்ந்து எடுக்குற ஸ்பிரிட்டு. மைலேஜ் போச்சுன்னு ஊரே திட்டுது. எனக்கு அதான் சாமி. ஸ்பிரிட் கலந்தா நெருக்கம் தாங்கும். அதக் கணக்கு வச்சித்தான் பதினொண்ணு போட்டுருக்கேன்."

இதை மறந்துவிடாதீர்கள். அவனுக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்த இன்ஜினைக் கட்டினான்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பொறுமையான வேலை. ஹெட்டுக்குள் குழிவாக இருக்கிற இடத்தில் கூர்மையான விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது என்றான். கூர்மையான இடம் சீக்கிரம் பழுக்கக் காய்ந்து தட்டலைக் கிளப்புமாம். நாள் கணக்கில் உப்புத்தாளால் தேய்த்தான். எந்தக் குழி எவ்வளவு கொள்கிறது என்று பார்க்க மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்சு கேட்டான்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்குங்க."

"என்னா சீக்கு?"

"மூச்சு பத்தலங்க."

சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி, குழி குழியாக அளந்து, எல்லாக் குழியும் ஒரே அளவு கொள்கிற வரைக்கும் தேய்த்தான். கடைசியாக, பெரியவளே, உன்னுடைய பள்ளிக்கூடக் கலர் களிமண்ணைக் கேட்டான். நீ பச்சையைக் கொடுத்தாய், சிவப்பைத் தர மாட்டேன் என்றாய். அந்தப் பச்சைக் களிமண்ணைப் பட்டையாக உருட்டிப் பிஸ்டன் தலையில் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினான். காற்றை உள்ளே விட்டு அடைக்கிற வால்வு வந்து அமுக்கிய இடத்தில் களிமண் மெலிந்து பிறை மாதிரி தடம் விழுந்திருந்தது. பிளேடால் வெட்டி அந்த மெலிந்த இடத்தை அளந்தான். இரும்பும் இரும்பும் இடிக்காமல் இருக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இருந்தது. "மாமா, இதப் பாருங்க" என்று அவன் நீட்டியபோது இருந்த முகத்தை, அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இன்ஜினை ஏற்றி ஓடவிட்டான். பங்க் பெட்ரோலில்தான். ஐஸ் கம்பெனி ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஆலப்பாக்கம் வரைக்கும் போய்வந்தோம். ஒரு தட்டல் இல்லை. "என்னடா மச்சான், நூல் புடிச்ச மாதிரி போவுது" என்றேன். அவன் ரேடியோவைப் போட்டான். ஒர்க்‌ஷாப்காரரிடம் போனில் பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு ஆள் பார்க்க வருவதாகவும், ஞாயிறு விட்டால் முடியாது என்றும் அவர் சொன்னார்.

அந்த வாரம்தான் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள்.

கூண்டு ஏறினால் இந்தப் பக்கத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். மெழுகுவத்தி, பால் பவுடர், தண்ணீர், அப்புறம் பெட்ரோல். கரண்ட் போனால் பங்க் ஓடாது, வந்தாலும் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். கேனில் தரக் கூடாது என்று பங்க்கில் போர்டு இருக்கும். ஆனால் கூண்டு ஏறிவிட்டால் யாரும் அந்தப் போர்டைப் பார்ப்பதில்லை. காருக்கு அப்போது டேங்க்கைக் கழற்றித் துரு அலசக் கொடுத்திருந்தான். அதனால் பெரிய கேன் ஒன்றில் நிரப்பி வந்து, நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தான். கார் ஐஸ் கம்பெனி மேடைமேல் பத்திரமாக நின்றது.

புயல் அடித்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. நீங்கள் கட்டில்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கேன் சாய்ந்து சேற்றில் கிடந்தது. மூடி ஓரத்தில் ஒரு விரிசல்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கரண்ட் வரவில்லை. திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் போய்ப் பார்த்தோம். ஒரு பங்க்கும் திறக்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரர் பஸ் பிடித்துக் கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது.

"கேன் இருக்கே மாமா."

"தண்ணி பூந்துருக்கும்டா."

"மேலாப்புல எடுத்துக்கலாம்."

துறைமுகத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டாத வேலை. போட்டுக்கு வாங்குகிற மண்ணெண்ணெயானாலும் டீசலானாலும் தண்ணீர் கலந்துபோவது சகஜம். ஆட்டாமல் வைத்தால் தண்ணீர் கனம், அடியில் போய்ப் படியும். மேலே இருப்பதைத் துணி போட்டு வடிகட்டி மெதுவாகச் சாய்த்து எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கேனை மேசைமேல் தூக்கிவைத்துத் தெளியவிட்டோம். உங்கள் அம்மா பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் சாய்த்தான், நான் இன்னொரு கேனின் வாயில் புனலைப் பிடித்தேன். மேலே தெளிவாக, கண்ணாடி மாதிரி வந்தது. அடியில் மங்கலாக ஒரு கோடு தெரிந்ததும் நிறுத்திவிட்டான். அவ்வளவு கவனம்.

அடியில் நின்றது நாங்கள் நினைத்ததைவிட நிறைய. "இத்துனூண்டு விரிசல்ல இவ்ளோ தண்ணியா பூந்துச்சு" என்று உங்கள் அம்மா கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. அவன் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கேனைக் கவிழ்த்து வைத்தான். வடித்ததைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், அலசி மாட்டியிருந்த டேங்க்கில் ஊற்றினோம்.

ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். முன்னால் அவர், பின்னால் நானும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும். இன்ஜின் ஒரே தட்டில் கிளம்பியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாக் கட்டிருக்க" என்றார். அந்த வார்த்தை போதும் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயே இறங்கிவிட்டிருந்தால் தேவலை.

புதுச்சத்திரம் தாண்டும்போது முதலில் கேட்டது. சில்லறையை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி மெல்லிய சத்தம். உங்கள் மாமா வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, பொறி தட்டுகிற நேரத்தை ஒரு மயிரிழை தள்ளிவைத்தான். பழைய வண்டியில் அதைக் கையால் திருப்பலாம். திரும்ப ஓட்டினான். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கி மறுபடியும் வந்தது. மறுபடி நிறுத்தித் திருப்பினான். இப்போது இழுவை போய்விட்டது. ஐந்து பேரைத் தூக்க முடியாமல் வண்டி திணறியது.

"அன்னிக்கு இப்புடி இல்லீங்க. அன்னிக்குச் சுத்தமா போச்சு" என்றான்.

"போ, போ. பாத்துக்கலாம்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். புயல் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் எதிரே லாரி வர, அவன் காலை அழுத்த வேண்டியிருந்தது. உள்ளே யாரோ சம்மட்டி எடுத்து அடித்தார்கள். நாலைந்து அடிதான். அப்புறம் மொத்தமாக ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை. பாலத்தின் மேலேயே வண்டி நின்றுபோனது.

அவர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உங்கள் மாமாவின் தோளில் கைவைத்தார். "கை நல்ல கை தம்பி. கணக்குதான் கொஞ்சம் ஜாஸ்தி போயிருச்சு. இந்தக் கம்ப்ரஷன் நம்மூரு பெட்ரோலுக்குத் தாங்காது. மனசுல வச்சிக்காத." பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப்போனார். உங்கள் மாமா பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் பக்கத்திலேயே, கொஞ்சம் நெருக்கமாகவே நின்றேன். என்னவோ பயம்.

கயிறு கட்டி நம் வாசலுக்கு இழுத்துவந்து பிரித்துப் பார்த்தான். மூன்றாவது பிஸ்டன் ஓரத்தில் கடித்த பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பட்டறைக்காரர் சொன்னாரு மாமா. நான்தான் கேக்கல" என்றான். அளவை எல்லாம் திரும்பப் பார்க்கச் சொன்னேன். "வேணாம். எனக்கு வராத வேல. அங்க பெரிய ஆளுங்க கட்னத நான் மாட்டிவிட்டேன், அவ்ளோதான். நானே கட்டினேன்னு நெனச்சிக்கிட்டேன்."

கோயம்புத்தூர்க்காரருக்கு அந்த வேலை கிடைத்தது. உங்கள் மாமா அடுத்த மாதமே திரும்பிப் போனான். பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. இன்ஜின் பக்கமே போக மாட்டேன் என்று ஒரு ஹோட்டலில் வருகிறவர்களுடைய காரை வாங்கி நிறுத்தித் திரும்ப எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். குழந்தை அப்போதுதான் அவன் தோளில் தூங்கப் பழகியிருந்தது. இப்போது மறுபடியும் போனில்தான் அப்பா.

ஒவ்வொரு தடவை பேசும்போதும் சொல்வான். "அந்த வண்டிய இரும்புக்குப் போட்டுடுங்க மாமா." நான் சரி சரி என்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சக்குப்பம் பங்க்கில் ஒரு தகராறு. பெட்ரோலில் தண்ணீர் என்று ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார். பங்க்காரர் அலுத்துப்போன குரலில் சொன்னார். "ஒங்க டேங்க்ல மழத்தண்ணி கொஞ்சம் பூந்துருக்கும் சார். இதுல இருக்குற ஸ்பிரிட்டு பெட்ரோல வுட்டுட்டு அந்தத் தண்ணிகூடப் போய்ச் சேந்துடும். கொஞ்சத் தண்ணி நெறைய ஆயிடும்."

நான் பெட்ரோல் போடாமலே வீட்டுக்கு வந்தேன். நான் ஓட்டுகிற வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். கொஞ்சம் தண்ணீர் விட்டு, தண்ணீர் நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். மூடிக் குலுக்கித் தெளியவிட்டேன். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. தெளிந்தபோது தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது.

அந்தச் சின்ன விரிசலில் இவ்வளவு தண்ணீரா என்று உங்கள் அம்மா கேட்டதற்குப் பதில் அதுதான். நாங்கள் சாக்கடையில் கொட்டியது வெறும் தண்ணீர் இல்லை. எந்த ஸ்பிரிட்டை நம்பி அவன் பதினொன்று போட்டானோ அது முழுக்க அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. மேலே தெளிவாக நின்றதைத்தான், ஒரு சொட்டு அடித்தண்ணீர் போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக ஊற்றினோம். அலட்சியமாகச் செய்திருந்தால் வண்டி கிளம்பியே இருக்காது. இன்ஜினும் பிழைத்திருக்கும்.

அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் போட்டேன். அவன் கணக்கில் தப்பில்லை என்று தெரிந்தால் ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தேன். பாட்டிலைக் காட்டி எல்லாம் சொன்னேன். அவன் பின்னால் கார்கள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப பதினொண்ணு சரிதான்" என்றான்.

"சரிதான்டா மச்சான். ஒன் கணக்கு ஒரு பொட்டு தப்பில்ல."

"எனக்குத் தெரியும் மாமா ஸ்பிரிட்டு. தெரிஞ்சிதான் கட்டினேன். கேனச் சாய்க்கும்போது தோணல பாருங்க. கை அது பாட்டுக்குப் பழக்கத்துல சாய்ச்சிடுச்சு."

"யாருக்குத்தான் தோணும். திரும்பி வா. அவருகிட்ட நான் பேசுறேன்."

"அங்கதான் ஆள் போட்டாச்சே." பிறகு அவனே சொன்னான். "எனக்கு வராத வேலைன்னு நெனச்சிக்கிட்டா தூக்கம் வந்துச்சு மாமா. இனிமே என்னா நெனச்சிக்கிறதுன்னு தெரியல." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சாவி வாங்கப் போக வேண்டும் என்று வைத்துவிட்டான்.

அவனுடைய சாமான் பெட்டியில் அந்தப் பச்சைக் களிமண் பட்டை இன்னும் இருக்கிறது. காய்ந்து ஓரம் வெடித்திருக்கிறது, ஆனால் வால்வு விழுந்த பிறை அப்படியே தெரிகிறது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்ஜின் சாக்கில் கட்டிக் கிடக்கிறது. புது பிஸ்டன் போட்டு ஏற்றச் சொல்லி யாரிடமாவது கொடுக்கலாம். கேட்டும் பார்த்தேன். கம்ப்ரஷனை இறக்கினால்தான் செய்வேன் என்கிறார்கள்.

அந்தப் போனுக்குப் பிறகு அவன் வாரா வாரம் பேசுகிறான். உங்களைக் கேட்கிறான், அக்காவைக் கேட்கிறான், மழையைக் கேட்கிறான். வண்டியைக் கேட்பதில்லை. இரும்புக்குப் போடச் சொல்வதையும் விட்டுவிட்டான். வைத்திருக்கச் சொல்லவும் இல்லை. அதனால்தான் அது அங்கேயே நிற்கிறது. தார்ப்பாயைத் தூக்காதீர்கள்.